ஃபிளாட்ஹெட் வி8க்கு எந்த இக்னிஷன்? பெங்களூரு ரோட்டில் ஓட்டப் போகிறவருக்கு

ஃபிளாட்ஹெட் எனப்படும் பழைய ஃபோர்டு வி8 இன்ஜினை வைத்து ஹாட் ராடு (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டுகிறவர்கள் கூடினால் பாடி, சேசிஸ், கியர்பாக்ஸ் என்று எல்லாப் பேச்சும் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். சிலிண்டரில் பெட்ரோலைக் கொளுத்த ஸ்பார்க் கொடுக்கிற இக்னிஷன் பற்றிய பேச்சு மட்டும் முடியாது. ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுகிற பழைய காண்டாக்ட், அதாவது பாயிண்ட்டே போதும் என்பார் ஒருவர். இந்தக் காலத்தில் யாராவது பாயிண்ட் போடுவார்களா என்பார் அடுத்தவர். மூன்றாமவர் அமெரிக்காவிலிருந்து எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள சிவப்பு டப்பா ஒன்றை வரவழைத்துக்கொண்டிருப்பார்.

காக்ஸ் டவுனில் இருக்கிற என் மச்சானின் ஷெட்டில் இப்போது அந்த விவாதம்தான் நடக்கிறது. முப்பதுகளின் கூபே பாடி. உள்ளே 8பிஏ வகை இன்ஜின், அதாவது 1949 முதல் 1953 வரை ஃபோர்டு கார்களில் வந்த கடைசித் தலைமுறை ஃபிளாட்ஹெட். மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர். ஒயரிங் 12 வோல்ட்டுக்கு மாற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை, அவ்வப்போது ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை. இதுதான் அவன் ஓட்டப் போகிற ஓட்டம். இந்த வண்டிக்கு எது சரி என்று யோசித்து நான் வந்து சேர்ந்த முடிவையும், வேறு மாதிரி வண்டி வைத்திருப்பவருக்கு அது ஏன் வேறாக இருக்கும் என்பதையும் எழுதுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயிண்ட்டா எலக்ட்ரானிக்கா என்பதை இரண்டாவதாகக் கேட்டால் போதும். எந்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்புகிற பாகம்) எல்லா வேகத்திலும் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, சரியாகக் கொடுக்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். ஃபிளாட்ஹெட் இன்ஜினுக்கும் பெங்களூரு டிராஃபிக்குக்கும் நடுவில் பிரச்சினை வருகிற இடம் அதுதான்.

ஏன் டைமிங்?

ஃபோர்டு இந்த இன்ஜினை 1932இல் கொண்டுவந்தது. முதலில் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். பிறகு ஃபோர்டு கார்களில் 239 கன அங்குலம் வரை வளர்ந்தது. சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் என்பதால் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு ரோட்ஸ்டர்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். ஹாட் ராடு கலாச்சாரம் பிறந்த இடம் அது. நம் நாட்டுக்கு இந்த இன்ஜின் பெரும்பாலும் கனடா ஃபோர்டு வழியாக வந்தது. கார்களில் வந்தது ஒரு பக்கம் என்றால், இரண்டாம் உலகப்போர்க் காலத்து கனடா ராணுவ லாரிகளில் வந்தது இன்னொரு பக்கம். இன்றைக்கும் பழைய ஷெட்டுகளில் எங்காவது ஒன்று கிடைக்கிறது என்றால் காரணம் அந்த லாரிகள்தான்.

இதன் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கில் இருக்கின்றன. எரிந்த புகை வெளியே போக, பிளாக்கின் உள்ளேயே தண்ணீர் ஜாக்கெட்டை ஒட்டி வளைந்து வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு சிலிண்டருக்கு மூன்றே எக்ஸாஸ்ட் வழி. நடுவில் இருக்கிற இரண்டும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக, புகையின் சூட்டில் கணிசமான பங்கு தண்ணீருக்கு வந்துவிடும். ஃபிளாட்ஹெட் என்றாலே ஹீட் ஆகும் என்கிற கெட்ட பெயருக்குக் காரணம் இந்த அமைப்பு.

இப்போது டைமிங் நாலைந்து டிகிரி பின்தங்கினால் என்ன ஆகும்? பெட்ரோல் தாமதமாக எரியத் தொடங்கும். பிஸ்டன் கீழே இறங்கி எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்து முடிந்திருக்காது. அந்தக் கொதிக்கிற புகை பிளாக்கின் உள்ளே வளைந்து போகும். சில்க் போர்டு சிக்னலில் காத்து நிற்கிறபோது முள் சிவப்புக்குப் போக இது போதும். அப்போது ரேடியேட்டரை மாற்றுவார்கள், எலக்ட்ரிக் ஃபேன் போடுவார்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவார்கள். டைமிங் லைட்டை எடுத்துப் பார்க்கிறவர் குறைவு.

அதற்காக அதிகமாக அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே ஸ்பார்க் கொடுப்பது) வைக்கவும் கூடாது. தெருவில் ஓடும் ஃபிளாட்ஹெட்டுக்கு முழு அட்வான்ஸ் என்பது கிராங்க் கணக்கில் 20 முதல் 24 டிகிரிக்குள் நின்றுவிட வேண்டும். செவர்லேயின் பிற்கால வி8ஆன ஸ்மால்பிளாக் ஓட்டிப் பழகியவர்கள் 34, 36 என்று சொல்வார்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் பாழ். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. அதனால் இங்கே ஓரிரு டிகிரி கூடுதலாக வைத்தாலும் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். ஆனால் கிருஷ்ணகிரி தாண்டிக் கீழே இறங்கினால் அதே அளவில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டுவது) வரலாம். இரண்டு ஊருக்கும் ஓடுகிற வண்டி என்றால் கீழே இருக்கிற ஊரின் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

பாயிண்ட்

கார் உலகத்துக்கு பேட்டரி, காயில், பாயிண்ட் என்கிற இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். 1912 கேடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு சேர்ந்து வந்தது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஏறுகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்த கரண்ட் அறுந்து, காயிலின் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பாய்கிறது. எழுபதுகளின் பாதி வரை உலகம் இதில்தான் ஓடியது.

எட்டு சிலிண்டரில் இதற்கு நேரம் மிகக் குறைவு. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 ஸ்பார்க் வேண்டும். ஒரு ஸ்பார்க்குக்கு ஐந்து மில்லி செகண்ட். சாதாரண ஒற்றை பாயிண்ட் அதில் மூன்று மில்லி செகண்ட் போலத்தான் மூடியிருக்கும். வேகம் ஏற ஏற அதுவும் சுருங்கும், காயில் நிரம்பாது, மேல் வேகத்தில் மிஸ்ஸிங் வரும். ஃபோர்டு இதற்கு 1932இலேயே அருமையான ஒரு வழி செய்தது. டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டு பாயிண்ட், இரண்டும் ஒரே சர்க்யூட்டில் பக்கம் பக்கமாக. கடைசியாகத் திறக்கிற பாயிண்ட்தான் ஸ்பார்க்கைக் கொடுக்கும். முதலில் மூடுகிற பாயிண்ட் அடுத்த ஸ்பார்க்குக்காக உடனே கரண்டை ஏற்றத் தொடங்கிவிடும். இதனால் ஒரு சிலிண்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுகிற 45 டிகிரியில் 36 டிகிரி காயில் நிரம்பிக்கொண்டே இருக்கும். 3000 ஆர்பிஎம்மில் நாலு மில்லி செகண்ட். டிரான்சிஸ்டர் இல்லாத காலத்தில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

1948 வரை வந்த இன்ஜின்களில் இந்த இரட்டை பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர்தான். அதில் வேகத்துக்கு ஏற்ப அட்வான்ஸ் கொடுக்கிற சென்ட்ரிஃப்யூகல் எடைகளும் உண்டு. லோடு ஏறும்போது அதை அடக்குகிற வேக்யூம் பிரேக்கும் உண்டு. அப்படிப்பட்ட இன்ஜின் உங்களிடம் இருந்து, வண்டியும் 6 வோல்ட்டிலேயே இருந்தால் அதை மாற்றாதீர்கள். சரியாக ரீகண்டிஷன் செய்தால் போதும். பாயிண்ட் திறக்கும் இடைவெளியான கேப் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இரண்டு பாயிண்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதை மேஜையில் வைத்தே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் முன்பக்கம், ஃபேனுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்த மூடிக்குள் ஈரம் இறங்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட்டின் பெரிய பலம், அதை எங்கேயும் சரிசெய்யலாம். ஆம்பூர் பக்கம் வண்டி நின்றுபோனால், பழைய அம்பாசிடர், ஜீப் பார்த்த கை ஏதாவது ஒன்று கிடைக்கும். ஒரு துண்டு எமரி பேப்பர், ஒரு ஃபீலர் கேஜ், அரை மணி நேரம். பாயிண்ட் கருகாமல் காக்கிற கண்டென்சர் போனாலும் கலங்க வேண்டாம். மின்சாரக் கணக்கில் 0.2 மைக்ரோஃபாரட் சுற்றி இருந்தால் அம்பாசிடர் கண்டென்சரே வேலை செய்யும், வெளியே கிளாம்ப் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பாயிண்ட் செட் அப்படி இல்லை. பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜேசி ரோட்டில் நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு உள்ள பொருட்களைப் போல ஃபோர்டு வி8 பாயிண்ட் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லை. வரவழைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பலவீனமும் டைமிங்கில்தான் வருகிறது. கேமில் உரசுகிற அந்தச் சின்ன ஃபைபர் கட்டை தேயத் தேய கேப் குறையும். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும், இன்ஜின் சூடாகும். யாரும் கவனிக்காமலே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற விஷயம். கேம்மில் துளி கிரீஸ் வைக்க மறந்தால் இன்னும் சீக்கிரம்.

8பிஏவின் தனிச் சிக்கல்

என் மச்சான் வண்டிக்கு இதுதான் முக்கியமான இடம். 1949இல் ஃபோர்டு டிஸ்ட்ரிபியூட்டரை மேலே, கைக்கு எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தது. வேலை செய்ய வசதி. ஆனால் உள்ளே இருந்த சென்ட்ரிஃப்யூகல் எடைகளை எடுத்துவிட்டது. லோடமேட்டிக் என்று பெயர். அட்வான்ஸ் முழுக்க வேக்யூமால் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பால்) மட்டுமே நடக்கும். அந்த வேக்யூம் எங்கிருந்து வருகிறது? அதற்கென்றே செய்த ஹோலி கார்புரேட்டரில், வென்ச்சுரியிலும் (காற்று போகிற குறுகலான கழுத்து) பட்டர்ஃபிளை (காற்றைத் திறந்து மூடும் தட்டு) பக்கத்திலும் துளை வைத்து, இரண்டையும் கலந்து ஒரு குழாய் வழியாக அனுப்புகிறார்கள். காற்று வேகமாக ஓடினால் வேக்யூம் கூடும், அதனால் வேகத்துக்கு ஏற்ப அட்வான்ஸ் வரும். அந்தக் கார்புரேட்டரோடு ஜோடி சேர்ந்திருக்கும் வரை நன்றாகவே ஓடும்.

ஹாட் ராடு கட்டுகிறவர் முதலில் செய்கிற வேலை என்ன? அந்தக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்ட்ராம்பெர்க்கை மாட்டுவது. ஸ்ட்ராம்பெர்க் 97இல் அந்தத் துளைகள் கிடையாது. குழாயை அடைத்துவிட்டால் டைமிங் ஐட்லிங்கில் வைத்த இடத்திலேயே நிற்கும். 3000 ஆர்பிஎம்மிலும் அதே இரண்டு நாலு டிகிரி. மேனிஃபோல்டில் நேராகச் சொருகினால் நேர்மாறு: ஐட்லிங்கில் முழு அட்வான்ஸ், மிதித்ததும் வேக்யூம் விழுந்து அட்வான்ஸும் விழும். இரண்டில் எதுவானாலும் வண்டியில் பிக்கப் இருக்காது, சூடு மட்டும் இருக்கும்.

கவனியுங்கள், இதில் பாயிண்ட் பற்றியோ எலக்ட்ரானிக் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை. லோடமேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எவ்வளவு விலை உயர்ந்த எலக்ட்ரானிக் மாட்யூலை வைத்தாலும் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும். இரண்டு கார்புரேட்டர் வைத்த 8பிஏவுக்கு சென்ட்ரிஃப்யூகல் அட்வான்ஸ் உள்ள வேறு டிஸ்ட்ரிபியூட்டர் கட்டாயம். பழைய டிஸ்ட்ரிபியூட்டரோடுதான் போவேன் என்றால் அதற்குரிய ஹோலியையும் திரும்ப மாட்டுங்கள்.

சிவாஜி நகர் குஜிரி (பழைய சாமான் சந்தை) பக்கம் பழைய பெட்ரோல் வண்டிகளிலேயே வாழ்க்கையை ஓட்டிய ஒரு பெரியவரிடம் இந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டுபோய்க் காட்டினோம். மச்சான், எலக்ட்ரானிக் போடலாமா என்று ஆரம்பித்தான். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. மூடியைக் கழற்றினார். ரோட்டரைப் பிடுங்கி எடுத்துவிட்டு, சாஃப்ட் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். டக், டக் என்று மெல்லிய சத்தம். பாயிண்ட் கேப் அந்த அசைவோடு கூடவே விரிந்து சுருங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

“பாயிண்ட் போடு, எலக்ட்ரானிக் போடு, உன் இஷ்டம் தம்பி. மொதல்ல இந்த ஆட்டத்த எடு” என்றார்.

சாஃப்ட்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து அது ஆடினால் எட்டு சிலிண்டருக்கும் எட்டு விதமான டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு டிகிரி தவறினால் கிராங்கில் அது இரண்டு டிகிரி. புது வெண்கல புஷ் கடைந்து ரீம் செய்து போடுவது நம் ஊர் லேத் பட்டறைகளுக்குப் பெரிய வேலை இல்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டரோடு எந்த வழியில் போவதாக இருந்தாலும் இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

உள்ளே மறையும் மாட்யூல்

பாயிண்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு சின்ன மாட்யூலைத் திருகுவது அடுத்த வழி. சாஃப்ட்டில் காந்தம் பதித்த வளையம் ஒன்று ஏறும், மாட்யூலில் இருக்கிற ஹால் சென்சார் அதைப் பார்த்து காயிலை அறுக்கும். பெர்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்களின் செட் இந்த வகை. வெளியே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது, மூடிக்குள்ளிருந்து இரண்டு ஒயர் வருவதைத் தவிர.

இதில் உரசுகிற பொருளே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இன்று வைத்த டைமிங் அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்கும். மாதத்தில் சில நாள் மட்டும் எடுத்து, எடுத்த நாளெல்லாம் டிராஃபிக்கில் நிற்கிற வண்டிக்கு இது பெரிய நிம்மதி. சாஃப்ட் லேசாக ஆடினாலும் பாயிண்ட் அளவுக்குப் பாதிக்காது.

ஆனால் இது சாவதாக இருந்தால் சொல்லிக்கொண்டு சாகாது. பாயிண்ட் போகும்போது ஸ்டார்ட்டிங் கஷ்டம், மிஸ்ஸிங் என்று முன்கூட்டியே அறிகுறி காட்டும். மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும், ரோட்டோரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதைக் கொல்லுகிற காரணங்களும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டுப் பாட்டு கேட்பது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது; பழைய ஃபோர்டில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணையும் (பாசிட்டிவ் எர்த்) என்பதால் நம் பேட்டரிக் கடைப் பையன்கள் இதில் ஏமாறுவது சகஜம். காயிலின் ரெசிஸ்டன்ஸ் மாட்யூலுக்குப் பொருந்தாமல் இருப்பது. ரெசிஸ்டர் இல்லாத செம்புக் கம்பி பிளக் ஒயரைப் போட்டு, அதன் இரைச்சலால் சென்சாரைக் குழப்புவது. இவற்றைக் கவனித்துக்கொண்டால் வருடக்கணக்கில் தொந்தரவு தராது.

ஒரு வசதி: கழற்றிய பாயிண்ட் பிளேட்டை அப்படியே கேப் செட் செய்து, கண்டென்சரோடு ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம். மாட்யூல் போனால் ரோட்டிலேயே மாற்றி வீடு வந்து சேரலாம். காயில் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்படி மட்டும் முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிவப்பு டப்பா

எம்எஸ்டி 6ஏ மாதிரியான சிடிஐ (கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன்) பெட்டிகளைப் பற்றி ஷெட்டில் அதிகம் பேசுகிறோம், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். உள்ளே ஒரு கெப்பாசிட்டரைச் சில நூறு வோல்ட்டுக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, அதைக் காயிலில் ஒரே அடியாக இறக்கும். 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒன்றுக்குப் பதிலாகப் பல ஸ்பார்க் அடுத்தடுத்து வரும். பெரிய கம்ப்ரஷன், நைட்ரஸ், 7000 ஆர்பிஎம் என்று போகிற இன்ஜினுக்கு அது அவசியம்.

நம் ஃபிளாட்ஹெட்டுக்கு? கம்ப்ரஷன் ஏழுக்கு ஒன்று பக்கம். இன்ஜின் 4500க்கு மேல் போவதே அபூர்வம். நல்ல காயிலின் சாதாரண ஸ்பார்க்கே இந்தக் கலவையைக் கொளுத்திவிடும். எரிகிற விறகுக்கு இரண்டாவது தீக்குச்சி தேவையில்லை.

தேவையில்லை என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஃபிளாட்ஹெட்டின் ஃபயரிங் ஆர்டர் 1-5-4-8-6-3-7-2. கடைசி எண்ணையும் முதல் எண்ணையும் பாருங்கள். 2 வெடித்ததும் அடுத்தது 1. இரண்டும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். அந்த ஒயர்களைப் பழைய ஃபோர்டு ஒரே உலோகக் குழாய்க்குள் சேர்த்து அனுப்பியிருக்கும். வோல்டேஜைக் கூட்டினால், இரண்டாவது ஒயரில் பாய்கிற கரண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிற முதல் ஒயரையும் தூண்டும், முதல் சிலிண்டர் 90 டிகிரி முன்னதாகவே வெடிக்கப் பார்க்கும். நாக்கிங், பின்வெடி, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத மிஸ்ஸிங். போதாததற்கு, பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடி சின்னது. பெரிய வோல்டேஜ் உள்ளேயே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவிக் கரிக்கோடு போட்டுவிடும். எந்த வழியில் போனாலும் 1, 2 ஒயர்களைப் பிரித்து அனுப்புங்கள்; சிடிஐ போட்டால் அது கட்டாயம்.

இந்தப் பெட்டிக்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே உபயோகம், பாயிண்ட்டை வைத்தே அதை இயக்குவது. அப்போது பாயிண்ட் வழியாகச் சொற்ப கரண்ட்தான் போகும், பாயிண்ட் முகம் எரியாது. ஆனால் ஃபைபர் கட்டை தேய்வது தேயத்தான் செய்யும். அந்தப் பணத்துக்கு டைமிங் இன்னும் நிலையாக இல்லை என்றால் எதற்கு?

மேக்னெட்டோ, கம்ப்யூட்டர்

காந்தத்தைச் சுழற்றித் தானே கரண்ட் உண்டாக்குகிற மேக்னெட்டோவுக்கு பேட்டரியே வேண்டாம். வேகம் ஏற ஏற ஸ்பார்க்கும் பலமாகும். அமெரிக்காவின் பானவில் உப்புத்தரையில் முழு வேகத்தில் ஓடுகிறவருக்கு அருமை. செல்ஃப் மெதுவாகச் சுற்றும்போது ஸ்பார்க் பலவீனம் என்பதால் டிராஃபிக்கில் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஸ்டார்ட் செய்கிற வண்டிக்கு ஒத்துவராது. விலையும் அதிகம்.

கிராங்க் புல்லியில் பல்சக்கரம் வைத்து, காயில்களை கம்ப்யூட்டர் இயக்குகிற வழியில் டைமிங் துல்லியத்துக்கு இணையே இல்லை, லேப்டாப்பில் ஒவ்வொரு வேகத்துக்கும் டிகிரியை எழுதிக்கொள்ளலாம். பெங்களூரில் அதைச் செய்து தர ஆளுக்கும் குறைவில்லை. என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃபிளாட்ஹெட் மூடியைத் திறந்தால் எட்டு ஒயர் விரிந்து போவதைப் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கிற வண்டிக்கு ‘விஏ’ வரிசை எண் கிடைக்கிறது. முழு ஹாட் ராடு அதற்குள் வராது. ஆனால் கிட்டத்தட்ட அசலாக இருக்கிற ஃபோர்டை அந்தப் பட்டியலுக்குக் கொண்டுபோக நினைப்பவர், எளிதில் பழையபடி மாற்றக்கூடிய வழியில் மட்டும் போவது நல்லது. அவருக்கு பாயிண்ட், அல்லது உள்ளே மறைகிற மாட்யூல். வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

6 வோல்ட்டா 12ஆ?

இக்னிஷனுக்காக மட்டும் 12க்கு மாற்றத் தேவையில்லை. கனமான பேட்டரி கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தால் 6 வோல்ட் நன்றாகவே செல்ஃப் எடுக்கும். மாற்றுவதென்றால் காயிலையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஃபோர்டு காயில் ரெசிஸ்டன்ஸ் வழியாக 6 வோல்ட்டுக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு வேலை செய்தது. அதற்கு 12ஐ நேராகக் கொடுத்தால் வெந்துபோகும். எர்த் மாறும்போது காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றி மாட்ட வேண்டும். மறந்தால் வண்டி ஓடும்தான், ஆனால் பிளக்கில் ஸ்பார்க் தாவுவதற்கு கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும்.

வண்டி அரை மணி ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்று யாராவது சொன்னால், நம் ஊரில் உடனே பெட்ரோல் ஆவியாகிவிட்டது என்பார்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் பம்ப்பை மாற்றுவதற்கு முன்னால், நின்ற அந்த நிமிடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, பிளாக்கில் எர்த் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நீலமாகப் பட்டென்று அடித்தால் பெட்ரோலைத் தேடலாம். மஞ்சளாக, மெல்லிசாக இழுத்தால் காயிலோ கண்டென்சரோ சூட்டில் படுத்திருக்கிறது. ஆறிய பிறகு பார்த்தால் இரண்டும் நல்லதாகவே காட்டும்.

என் தேர்வு

1948 வரையுள்ள இன்ஜின், அசல் வண்டி, 6 வோல்ட் என்றால்: புஷ் மாற்றிய பழைய இரட்டை பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர், நல்ல கண்டென்சர், புது காயில்.

ஒற்றை ஹோலியோடு இருக்கிற 8பிஏ: லோடமேட்டிக்கையே வைத்துக்கொண்டு, டயாஃப்ரம் கிழியாமல் இருக்கிறதா என்று வாயால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, உள்ளே மாட்யூல்.

என் மச்சான் வண்டிக்கு, சென்ட்ரிஃப்யூகல் எடை உள்ள, ஃபிளாட்ஹெட்டுக்கென்றே செய்த புது டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளே எலக்ட்ரானிக் பிக்கப், வெளியே சாதாரண 12 வோல்ட் காயில், சிவப்பு டப்பா வேண்டாம். எடைகளின் வளைவு செவர்லேக்குரியதா ஃபிளாட்ஹெட்டுக்குரியதா என்று விற்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், புஷ் போட்டு எண்ணெய் தடவி எடுத்து வைக்கட்டும்.

ஹெட் இன்னும் மாட்டவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. இப்போதே டயல் கேஜ் வைத்து ஒன்றாம் சிலிண்டரின் உச்சியைக் கண்டுபிடித்து, புல்லியில் இருக்கிற குறி உண்மையிலேயே அங்கே நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். ஹெட்டை மூடிய பிறகு பிளக் ஓட்டை வழியாக இதைச் செய்வது ஃபிளாட்ஹெட்டில் கஷ்டம். குறி சரியாக இருந்தால் அதிலிருந்து டிகிரிகளை அளந்து கோடு போட வேண்டும்; 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் ஒரு டிகிரி 1.3 மில்லிமீட்டர் வரும். நாலு, பத்து, இருபது, இருபத்து நாலு ஆகிய இடங்களில் வெள்ளை பெயின்ட். ஐட்லிங்கில் நாலு டிகிரியில் வைத்து, டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக 3000 வரை ஏற்றினால் கோடு இருபத்திரண்டு பக்கம் போய் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் எடைகளின் ஸ்டாப்பைக் குறுக்க வேண்டும். ஐட்லிங் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளித்தால் சிக்னலில் நிற்கும்போது சூடு திரும்பி வந்துவிடும்.